கல்லில் நீதி பொறித்த காவலன்

மக்கள் சிறு சிறு கூட்டங்களாய் அலைந்து திரிந்த காலத்தில் நாடும் இல்லை; நகரமும் இல்லை. அவர்கள் ஆற்றங்கரைகளில் தங்கி, நிலத்தை உழுது, விளைந்த கூலத்தைச் சேர்த்துவைத்து, ஊராகவும் நகராகவும் கூடி வாழத் தலைப்பட்டபொழுது புதிய சிக்கல்கள் பல எழுந்தன. வயலுக்கு நீர் கொணரும் வாய்க்காலை யார் வெட்டுவது? கரை உடைந்து அண்டை வயல் அழிந்தால் இழப்பை யார் ஈடு செய்வது? கடன் பட்டவன் விளைவின்றி வாடும்பொழுது கடன் கொடுத்தவன் என் செய்வது? வலியவன் ஒருவன் எளியவன் நிலத்தைப் பற்றிக்கொண்டால் யாரிடம் முறையிடுவது? இவ்வினாக்களுக்கு விடை காண முயன்ற முயற்சியிலேயே அரசு என்னும் அமைப்பு வளர்ந்தது.

வேளாண்மை, நகரம், எழுத்து, சட்டம், ஆட்சி ஆகிய ஐந்தும் பண்டை நாகரிகம் என்னும் மாளிகையைத் தாங்கி நின்ற தூண்கள் எனலாம். ஏறத்தாழ 3,800 ஆண்டுகளுக்கு முன் பாபிலோன் நகரில் வீற்றிருந்து இவ்வைந்தையும் ஒருங்கே பேணிய மன்னன் ஹம்முராபி. ஆள்வோர்க்குரிய கடமை யாது என்பதையும், அக்கடமையில் அவர்கள் குறைபடும் இடம் யாது என்பதையும் அவன் வாழ்வு ஒருசேரக் காட்டுகிறது.

ஆற்றிடை நாடு

மேற்கு ஆசியாவில் யூப்ரடீஸ், டைகிரிஸ் என்னும் பேராறுகள் இரண்டு உள்ளன. வடக்கே மலைநாட்டில் தோன்றும் அவை, தென்கிழக்கு நோக்கிப் பாய்ந்து, பாரசீக வளைகுடாவை அடைகின்றன. அவற்றிற்கு இடைப்பட்ட நாட்டைக் கிரேக்கர் மெசபொட்டேமியா என்று அழைத்தனர். ஆறுகளின் நடுவில் உள்ள நாடு என்பது அச்சொல்லின் பொருள். இன்றைய ஈராக்கு நாட்டின் பெரும்பகுதி அதில் அடங்கும்.

அந்நாட்டின் தென்பகுதி செழுமையான வண்டல் நிலம். ஆயினும், அங்கு மழை மிகக் குறைவு. ஆறுகளில் வெள்ளம் பெருகுவதோ, பயிர் முற்றி அறுவடையை எதிர்நோக்கி நிற்கும் இளவேனிற் காலத்தில். ஆதலால், வேண்டும்பொழுது நீரைக் கொணர வாய்க்காலும், வேண்டாதபொழுது அதனைத் தடுக்கக் கரையும் அந்நாட்டினர்க்கு உயிர்நிலையாய் விளங்கின. வாய்க்கால் வெட்டுதல் ஒருவன் செயலன்று. ஒரு குடும்பத்தின் செயலுமன்று. ஊரார் பலர் கூடி, ஒருவன் ஏவலுக்கு அடங்கி உழைத்தாலன்றி அது முற்றுப்பெறாது. இவ்வாறு கூடி உழைக்கும் தேவை, நகரங்கள் வளரத் துணைசெய்த காரணங்களுள் ஒன்றாயிற்று.

சுமேரியர் என்பார் அங்கு ஊர், உருக், லகாஷ், நிப்பூர் முதலிய நகரங்களை அமைத்து வாழ்ந்தனர். கல்லும் மரமும் அரிய அந்நாட்டில் களிமண்ணே அவர்களுக்குக் கைகொடுத்தது. களிமண்ணால் செங்கல் செய்து கோயிலும் மதிலும் எழுப்பினர். களிமண் பலகையில் நாணல் எழுதுகோலை அழுத்தி, ஆப்பு வடிவ எழுத்துகளைப் பதித்தனர். கோயிற் களஞ்சியத்துக் கூலத்தையும் ஆட்டு மந்தைகளையும் கணக்கிடப் பிறந்த அவ்வெழுத்து, நாளடைவில் கதையும் கடிதமும் சட்டமும் எழுதப் பயன்பட்டது.

ஒவ்வொரு நகரும் தனக்கெனத் தெய்வமும் தலைவனும் கொண்டு தனியரசாய் இயங்கிற்று. எல்லை பற்றியும் நீர் பற்றியும் நகரங்கள் தம்முட் போரிட்டன. சார்கோன் போன்ற சில மன்னர் அவற்றை ஒரு குடைக்கீழ்க் கொணர்ந்தனர். ஆனால், அப்பேரரசுகள் நெடுநாள் நிலைக்கவில்லை. பின்னர் அமோரியர் என்னும் மேய்ச்சற் குடியினர் உள்நாட்டிற் பரவி, பல நகரங்களில் அரச மரபுகளை நிறுவினர். அவ்வாறு தோன்றிய மரபுகளுள் ஒன்று பாபிலோனில் ஆண்டது. ஹம்முராபி அம்மரபின் ஆறாம் மன்னன் ஆவான்.

அரியணை ஏறுதல்

ஹம்முராபியின் தந்தை சின் முபல்லித் என்பவன். தந்தைக்குப்பின் கி.மு. 1792-ஆம் ஆண்டளவில் ஹம்முராபி அரியணை ஏறினான். அவன் 43 ஆண்டுகள் ஆண்டமையால், ஆட்சிப் பொறுப்பை ஏற்றபொழுது இளைஞனாய் இருந்திருத்தல் வேண்டும் என்று கருதுவர்.

அக்காலத்துப் பாபிலோன் பெருநாடன்று. சிப்பார், கிஷ், போர்சிப்பா முதலிய சில நகரங்களே அதன் எல்லைக்குள் அடங்கின. தெற்கே லார்சா நகரில் ரிம்சின் என்னும் முதுபெரு மன்னன் ஆண்டான். வடக்கே அசீரியாவில் சம்சி ஆதாத் வலிமையுற்றிருந்தான். கிழக்கே எஷ்நுன்னா அரசும், அதற்கும் அப்பால் மலைசார்ந்த ஏலாம் நாடும் இருந்தன. இத்தனை வலியோர்க்கு நடுவே ஓர் இளவரசன் தன் நாட்டைக் காப்பது எளிய செயலன்று.

அவன் வாளை உருவிக்கொண்டு உடனே போர்மேற் செல்லவில்லை; தன் குடிகளின் துன்பத்தையே முதலில் நோக்கினான். விளைவு குன்றிய ஆண்டுகளில் உழவர் கடன் வாங்குவர். வட்டி ஏறும். கடனை அடைக்க இயலாதபொழுது நிலத்தை இழப்பர்; மனைவி மக்களையும் அடிமைப்பணிக்கு விடுப்பர். இவ்வாறு குடிகள் நிலமிழந்து நலிந்தால் அரசிற்கு வரி செலுத்துவாரும் இரார். போருக்கு வருவாரும் இரார். எனவே, புதிய மன்னர் சிலவகைக் கடன்களை நீக்கி ஆணையிடுதல் அந்நாட்டு மரபாய் இருந்தது. ஹம்முராபியும் தன் ஆட்சியின் தொடக்கத்தில் அவ்வாணையைப் பிறப்பித்தான். அந்நாட்டார் ஆண்டுகளை எண்ணால் குறியாமல், சிறந்த நிகழ்ச்சியொன்றால் பெயரிட்டு வழங்குவர். அவனது இரண்டாம் ஆட்சியாண்டு, மன்னன் நாட்டில் நீதியை நிலைநாட்டிய ஆண்டு என்று பெயர் பெற்றது.

அடுத்த பல ஆண்டுகளின் பெயர்கள், கோயில் எடுத்ததையும் மதில் எழுப்பியதையும் கால்வாய் வெட்டியதையும் கூறுகின்றன. இடையிடையே சில போர்களும் நிகழ்ந்தன. ஆயினும், ஏறத்தாழ முப்பது ஆண்டுக்காலம் அவன் பெரிதும் தன் நாட்டை உள்ளிருந்து வலுப்படுத்துவதிலேயே கருத்தூன்றினான்.

போரும் நட்பும்

யூப்ரடீஸ் ஆற்றின் மேற்பகுதியில் மாரி என்னும் செல்வ நகரம் இருந்தது. 1933-ஆம் ஆண்டு முதல் அங்கு நிகழ்ந்த அகழாய்வில் ஒரு பெரிய அரண்மனையும், இருபதாயிரத்துக்கு மேற்பட்ட களிமண் ஏடுகளும் வெளிப்பட்டன. அவ்வேடுகளிற் பல அரசர் விடுத்த ஓலைகள். தூதர் அனுப்பிய செய்திகள். அவற்றால் ஹம்முராபியின் அரசியல் திறம் விளங்குகிறது.

மாரி நகரத்து அலுவலன் ஒருவன் விடுத்த செய்தி குறிப்பிடத்தக்கது. எந்த மன்னனும் தனித்து நின்று வலியவன் ஆகான் என்றும், பாபிலோனின் ஹம்முராபியைப் பத்துப் பதினைந்து சிற்றரசர் பின்பற்றுகின்றனர் என்றும், லார்சாவின் ரிம்சினையும் அத்துணைப் பேர் பின்பற்றுகின்றனர் என்றும், யம்காது நாட்டு மன்னனையோ இருபதின்மர் பின்பற்றுகின்றனர் என்றும் அவன் எழுதினான். நட்பும் உடன்படிக்கையுமே அன்றைய வலிமை என்பது இதனால் புலப்படும்.

ஏலாம் நாட்டு மன்னன் எஷ்நுன்னாவை வென்றபின், பாபிலோனையும் லார்சாவையும் ஒன்றோடொன்று மோதவிட முயன்றான். அச்சூழ்ச்சி வெளிப்பட்டது. ஹம்முராபி மாரி நகரத்து மன்னன் சிம்ரிலிம்மின் துணையைப் பெற்று, கி.மு. 1764-ஆம் ஆண்டளவில் ஏலாமியப் படையை முறியடித்தான். லார்சா மன்னன் ரிம்சின் நட்புரைத்தும் போதிய படையுதவி செய்யவில்லை. அதனைக் காரணமாகக் கொண்டு ஹம்முராபி லார்சாவின்மேற் படையெடுத்து, பல மாதம் முற்றுகையிட்டு, கி.மு. 1763-இல் அந்நகரைக் கைப்பற்றினான். அறுபது ஆண்டுகள் ஆண்ட ரிம்சினின் ஆட்சி அதனோடு முடிவுற்றது. அடுத்து எஷ்நுன்னாவும் பணிந்தது.

பின்னர் நிகழ்ந்ததோ அவன் புகழுக்கு ஒரு மாசு. இடுக்கண் வந்தபொழுது உடனின்று உதவிய சிம்ரிலிம்மின் நகரத்தையே அவன் கி.மு. 1761-ஆம் ஆண்டளவில் கைப்பற்றினான். சிறிது காலத்திற்குப்பின் அதன் மதில்கள் இடிக்கப்பட்டன. எழில்மிக்க அரண்மனை எரியூட்டப்பட்டது. எரிந்து வீழ்ந்த அம்மாளிகையின் இடிபாடுகளே அங்கிருந்த களிமண் ஏடுகளை மூடிக் காத்தன. நண்பனுக்குச் செய்த தீங்கின் சான்றுகள் மண்ணுக்குள் மறைந்திருந்து, 3,700 ஆண்டுகளுக்குப்பின் வெளிவந்தன.

ஆட்சித் திறன்

நாட்டை வெல்வது ஒன்று. வென்ற நாட்டை ஆள்வது மற்றொன்று. பின்னதிலேயே ஹம்முராபியின் தனித்திறன் விளங்கிற்று. லார்சா நாட்டை ஆளச் சின் இத்தினம், ஷமாஷ் ஹாசிர் என்னும் அலுவலரை அவன் அமர்த்தினான். அவர்களுக்கு அவன் விடுத்த கடிதங்கள் பல இன்றும் உள்ளன. நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் மன்னன் கண் சென்றதை அவை காட்டுகின்றன.

ஒரு கடிதத்தில், உருக் நகருக்குச் செல்லும் வாய்க்கால் தூர்ந்து படகு செல்ல இயலாதிருப்பதைக் கேட்டறிந்த மன்னன், அதனை விரைந்து தூரெடுக்குமாறு ஆணையிடுகிறான். மற்றொரு கடிதத்தில், ஓர் ஊரில் கையூட்டு வாங்கப்பட்டதாக வந்த முறையீட்டை உசாவி, உண்மையாயின் அப்பொருளுக்கு முத்திரையிட்டு, வாங்கியவரையும் சான்றினரையும் பாபிலோனுக்கு அனுப்புமாறு பணிக்கிறான். பிறிதொன்றில், வழிவழி வந்த நிலத்தை ஒருவனிடமிருந்து பறித்தது முறையாகாது என்றும், வழக்கை ஆராய்ந்து நிலம் அவனுடையதே எனக் கண்டால் திரும்ப அளிக்க வேண்டும் என்றும் எழுதுகிறான். பெரிய போர்களை நடத்திய மன்னன் எளிய உழவன் ஒருவனின் வயலைப் பற்றியும் கவன்றான் என்பது எண்ணத்தக்கது.

மாதக் கணக்கைப் பற்றிய கடிதமும் சுவையானது. அந்நாட்டார் திங்களின் வளர்வு தேய்வைக் கொண்டு மாதங்களைக் கணித்தனர். அத்தகைய 12 மாதங்களுக்கு ஏறத்தாழ 354 நாளே ஆகும். ஆதலால், ஆண்டுதோறும் பதினொரு நாள் குறைந்து, பருவங்களுக்கும் மாதங்களுக்கும் பொருத்தம் இல்லாது போகும். அக்குறையை நீக்க, வேண்டும்பொழுது ஒரு மாதத்தை மிகுதியாகச் சேர்ப்பர். அவ்வாறு உலூலு என்னும் மாதத்தை இருமுறை கணக்கிடுமாறு ஆணையிட்ட ஹம்முராபி, மாதம் கூடியதைக் காட்டி வரியைத் தாழ்த்தலாகாது என்றும், அடுத்த மாதத்தில் வரவேண்டிய வரி, மிகையாகச் சேர்த்த அம்மாதத்திலேயே பாபிலோனை வந்தடைய வேண்டும் என்றும் கூறிவிட்டான். நீதியில் மட்டுமன்றிக் கணக்கிலும் அவன் கண்டிப்பானவன்.

தெற்கு நாடு முழுதும் கைவந்தபின் அவன் பெரியதொரு கால்வாயை வெட்டுவித்தான். நிப்பூர், இசின், உருக், லார்சா, ஊர், எரிது ஆகிய நகரங்களுக்கு அதனால் நீர்வளம் கிட்டிற்று. ஹம்முராபி மக்களின் வளம் என்னும் பொருள்பட அதற்குப் பெயரிட்டனர்.

நீதிக்கல்

ஹம்முராபியின் பெயரை உலகம் மறவாதிருப்பதற்குக் காரணம் அவன் வென்ற நகரங்களல்ல. அவன் நாட்டிய ஒரு கல்லே ஆகும். தன் ஆட்சியின் பிற்பகுதியில் அவன் வழக்குகளுக்குரிய விதிகளைத் தொகுத்து, அக்கேடிய மொழியில், கருங்கல் தூண் ஒன்றிற் பொறிக்கச் செய்தான். அக்கல் ஏறத்தாழ இரண்டேகால் மீட்டர் உயரமுடையது. அதன் உச்சியில் புடைப்புச் சிற்பம் ஒன்று உள்ளது. கதிரவனும் நீதியின் காவலனுமாகிய ஷமாஷ் என்னும் தெய்வம் இருக்கையில் அமர்ந்து, ஆட்சியின் அடையாளமாகிய கோலையும் வளையத்தையும் நீட்டுகிறது. மன்னன் கைகுவியாது, ஒரு கையை வாயருகே உயர்த்தி, அந்நாட்டு வழக்கப்படி வணங்கி நிற்கிறான்.

சிற்பத்தின்கீழ் முன்னுரையும் விதிகளும் முடிவுரையும் வரிசையாய்ப் பொறிக்கப்பட்டுள்ளன. இக்கால அறிஞர் அவ்விதிகளை 282 என எண்ணிட்டனர். வலியோர் எளியோரை வாட்டாமலும், தந்தையற்ற பிள்ளையும் கணவனை இழந்த பெண்ணும் முறை பெறவும் இக்கல்லை நாட்டியதாக மன்னன் கூறுகிறான். தீங்குற்றவன் இக்கல்லின்முன் வந்து, இதில் உள்ளதைப் படிக்கக் கேட்டு, தன் வழக்கின் நிலையை அறிந்து, உள்ளம் ஆறுதல் பெறுவானாக என்றும் மொழிகிறான். எழுதப் படிக்கத் தெரிந்தோர் மிகச் சிலராயிருந்த அக்காலத்தில், படிக்கத் தெரியாதவனையும் மன்னன் நினைந்தது போற்றத்தக்கது.

விதிகள் வாழ்க்கையின் பல துறைகளையும் தழுவியன. ஒருவன்மேற் கொலைக்குற்றம் சாட்டி, அதனை மெய்ப்பிக்காதவனுக்கு உயிர்த்தண்டம் விதிக்கப்பட்டது. எழுதி முத்திரையிட்ட தீர்ப்பைப் பின்னர் மாற்றிய நடுவன், அவ்வழக்கின் பொருளைப்போற் பன்னிரு மடங்கு செலுத்தவும், நீதி இருக்கையினின்று நீங்கவும் வேண்டும். மீண்டும் அவன் நடுவருடன் அமர இயலாது. வழிப்பறி செய்த கள்வன் அகப்படாவிடின், பொருளை இழந்தவனுக்கு அவ்வூராரும் அதன் தலைவனும் ஈடு செய்தல் வேண்டும். குடிகளைக் காப்பது ஆள்வோர் கடன் என்பதை இவ்விதி வலியுறுத்துகிறது.

உழவரைப் பற்றிய விதிகள் சிறப்பாக எண்ணத்தக்கவை. புயலாலோ வெள்ளத்தாலோ நீர்க்குறைவாலோ விளைவு பொய்த்தால், கடன்பட்ட உழவன் அவ்வாண்டு கடனையும் வட்டியையும் கொடுக்க வேண்டுவதில்லை. கடன் ஏட்டை நீரில் நனைத்து மாற்றி எழுதிக்கொள்ளலாம். கடனுக்காக அடிமைப்பணிக்கு விடப்பட்ட மனைவியும் மக்களும் மூன்று ஆண்டுகளே உழைத்தல் வேண்டும். நான்காம் ஆண்டில் அவர்கள் விடுதலை பெறுவர். கூலக் கடனுக்கு மூன்றில் ஒரு பங்கும், வெள்ளிக் கடனுக்கு ஐந்தில் ஒரு பங்கும் வட்டி என வரையறுக்கப்பட்டது. தன் வயற்கரையைப் பேணாது சோம்பியிருந்தவனால் கரை உடைந்து பிறர் பயிர் அழிந்தால், அழிந்த கூலத்தை அவனே ஈடு செய்ய வேண்டும். இயலாவிடின் அவனையும் அவன் பொருளையும் விற்று, இழந்தோர் பகிர்ந்துகொள்வர். நீரால் வாழும் நாட்டில் ஒருவன் சோம்பல் ஊரையே அழிக்கும் என்பதை அம்மக்கள் நன்கு அறிந்திருந்தனர்.

பெண்களுக்கும் சில பாதுகாப்புகள் இருந்தன. தீரா நோயுற்ற மனைவியைக் கணவன் தள்ளிவிடலாகாது; அவன் வேறு மணம் செய்துகொண்டாலும், அவள் உயிரோடுள்ளவரை தன் வீட்டிலேயே வைத்துக் காக்க வேண்டும். மருத்துவன் பெறும் கட்டணம், கூலியாள் பெறும் கூலி, எருது வாடகை ஆகியவையும் வரையறை செய்யப்பட்டன.

நீதியின் குறை

இவ்வளவு நன்மைகள் அமைந்த அச்சட்டத்தில் பெருங்குறைகளும் உள்ளன. அது எல்லோரையும் ஒரே தட்டில் நிறுத்தவில்லை. அந்நாட்டார் உயர்குடியினர், எளிய குடியினர், அடிமைகள் என மூவகையினராய்ப் பிரிக்கப்பட்டிருந்தனர். உயர்குடியினன் ஒருவன் தன்னையொத்த ஒருவனின் கண்ணைக் கெடுத்தால் அவன் கண்ணும் கெடுக்கப்படும். எளிய குடியினன் கண்ணைக் கெடுத்தாலோ, ஒரு மினா, அதாவது ஏறத்தாழ அரைக் கிலோ எடையுள்ள வெள்ளி கொடுத்தால் போதும். அடிமையின் கண்ணைக் கெடுத்தால் அவன் விலையிற் பாதி. அதுவும் அடிமைக்கன்று, அவன் உடையவனுக்கே. கண்ணின் ஒளி மூவர்க்கும் ஒன்றே. அதன் மதிப்போ மூவகையாயிற்று. ஓடிவந்த அடிமைக்குத் தன் வீட்டில் அடைக்கலம் தந்து மறைத்தவனுக்கு உயிர்த்தண்டம் விதிக்கப்பட்டது.

தண்டனைகளின் கடுமையும் உள்ளத்தை வருத்துவதாகும். கொத்தன் கட்டிய வீடு உறுதியின்றி இடிந்து, வீட்டுக்குடையவன் இறந்தால் கொத்தன் கொல்லப்படுவான். உடையவனின் மகன் இறந்தால் கொத்தனின் மகன் கொல்லப்படுவான். தந்தையின் கவலைக்குறைவுக்கு, ஒரு குற்றமும் அறியாத சிறுவன் உயிரிழப்பது நீதியாகுமா? அக்கல்லில் அவ்வினாவிற்கு விடை இல்லை.

ஹம்முராபியே உலகின் முதற் சட்டம் செய்தவன் என்று முன்னர்க் கருதினர். பின்னர் அவனுக்கு முற்பட்ட சட்டங்களும் கிடைத்தன. அவனுக்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஊர் நகரில் ஆண்ட ஊர்நம்மு என்பானின் பெயரால் வழங்கும் சட்டம், உடலுறுப்பைச் சேதப்படுத்தியவன் வெள்ளி செலுத்த வேண்டும் என்று விதித்தது. உறுப்புக்கு உறுப்பு என்னும் கடுமை அதில் இல்லை. காலத்தாற் பிந்தியதெல்லாம் கருணையால் முந்தியதாகிவிடாது என்பதற்கு இது தக்க சான்று.

அக்காலத்து வழக்குகளின் தீர்ப்பேடுகளும் மிகப் பல கிடைத்துள்ளன. நடுவர் இக்கல்லின் விதியைச் சுட்டித் தீர்ப்புரைத்ததாக அவற்றிற் காண்பது அரிது. எனவே, இக்கல் நடுவர் கையாண்ட சட்டநூல் என்பதைவிட, தான் முறை வழுவாத மன்னன் என்பதைத் தெய்வத்திற்கும் வருங்காலத்திற்கும் அறிவித்த சான்றுக்கல் என்றே அறிஞர் பலர் கருதுகின்றனர். அவ்வாறாயினும் அதன் பெருமை குன்றாது. தன் வெற்றிகளை மட்டும் பறைசாற்றி அமையாமல், எளியோர்க்கு முறை செய்தமையையே தன் அரசின் அளவுகோலாக வைத்தான் ஹம்முராபி. அவ்வளவுகோலைக் கொண்டே பிற்காலத்தார் அவனையும் அளந்து பார்க்கின்றனர்.

இறுதிக் காலம்

முதுமையில் ஹம்முராபி நோயுற்றான். தந்தை நோயுற்றிருப்பதால் நாட்டை நடத்தத் தானே அரியணையில் அமர்ந்ததாகவும், குடிகளின் நிலுவைகளை நீக்கியதாகவும் அவன் மகன் சம்சு இலுனா எழுதிய கடிதம் ஒன்று உள்ளது. தந்தை தன் ஆட்சியைத் தொடங்கிய அதே வழியில் மகனும் தொடங்கினான். கி.மு. 1750-ஆம் ஆண்டளவில் ஹம்முராபி உலக வாழ்வை நீத்தான்.

வாளால் கூட்டிய நாடு நெடுநாள் நிலைக்கவில்லை. சம்சு இலுனாவின் காலத்திலேயே தென்னகரங்கள் கிளர்ந்தெழுந்தன. அவற்றை அடக்கியும் அவனால் தெற்கைக் காத்துக்கொள்ள இயலவில்லை. நாடு சுருங்கிக்கொண்டே வந்தது. கி.மு. 1595-ஆம் ஆண்டளவில் இட்டைட்டு மன்னன் முதலாம் முர்சிலி படையெடுத்து வந்து பாபிலோனைச் சூறையாடினான். ஹம்முராபியின் மரபு அதனோடு அற்றது.

கல்லோ பின்னும் நின்றது. கி.மு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஏலாம் நாட்டு மன்னன் சுத்ருக் நகுந்தே படையெடுத்து வந்து, அதனை வெற்றிப் பொருளாகத் தன் தலைநகர் சூசாவுக்கு எடுத்துச் சென்றான். கல்லின் கீழ்ப்பகுதியில் சில பத்திகள் தேய்த்து அழிக்கப்பட்டன. தன் பெயரை அவ்விடத்திற் பொறிக்க அவன் எண்ணியிருத்தல் கூடும் என்பர். ஆனால், அவ்விடம் இன்றும் வெறுமையாகவே உள்ளது. எழுத்தை அழிப்பவனுக்குக் கொடுஞ்சாபங்களை ஹம்முராபி தன் முடிவுரையில் பொறித்திருந்தான். அச்சாபங்களும் கல்லைக் காக்கவில்லை. அதனைக் காத்தவர் வேறு சிலர். எழுத்துப் பயிலும் மாணவரும் எழுத்தரும் அச்சட்டத்தைக் களிமண் ஏடுகளிற் படியெடுத்து வந்தனர். ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் அப்பழக்கம் நீடித்தது. அழிந்துபோன விதிகளிற் சிலவற்றை அப்படிகளால் மீட்டறிய முடிந்தது. மன்னன் சாபம் செய்யாததை மாணவர் எழுதுகோல் செய்தது.

1901-ஆம் ஆண்டின் இறுதியிலும் 1902-ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் சூசாவில் அகழ்ந்த பிரெஞ்சுக் குழுவினர், மூன்று துண்டுகளாய்க் கிடந்த அக்கல்லைக் கண்டெடுத்தனர். ஷேல் என்னும் அறிஞர் அதனைப் படித்து, 1902-இல் மொழிபெயர்த்து வெளியிட்டார். துண்டுகள் பொருத்தப்பெற்று, இன்று அக்கல் பாரிசு நகரின் லூவர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

முடிவுரை

ஹம்முராபி எழுப்பிய மதில்கள் மண்ணோடு மண்ணாயின. அவன் வெட்டிய கால்வாய் தூர்ந்தது. அவன் வென்ற நகரங்கள் மேடுகளாய்க் கிடக்கின்றன. சட்டம் யாவரும் அறியுமாறு வெளிப்பட நிற்றல் வேண்டும், தீர்ப்பளிப்பவனும் சட்டத்திற்கு அடங்குதல் வேண்டும், விளைவிழந்த உழவனை வட்டி அழுத்தலாகாது என்னும் கருத்துகள் மட்டும் அழியாமல் நின்றன. அவற்றோடு அவன் காலத்தின் கொடுமைகளும் அக்கல்லிலேயே நிற்கின்றன.

சட்டம் எழுதப்பட்டால் மட்டும் நீதி பிறந்துவிடாது. எழுதப்பட்ட சட்டம் உயர்ந்தோன் கண்ணையும் அடிமையின் கண்ணையும் ஒன்றாக மதிக்கும் நாளிலேயே நீதி முழுமை பெறும். அந்நாளை நோக்கி மனித இனம் நடந்த நெடுவழியில் ஹம்முராபியின் கல் ஒரு மைல்கல், வழியின் முடிவன்று. எவ்வளவு தொலைவு கடந்தாயிற்று என்பதையும், இன்னும் எவ்வளவு தொலைவு நடக்க வேண்டும் என்பதையும் அதன்முன் நிற்போர் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்த்தல் நன்று.